கொண்டலும் வாடையும்: காற்றுத் திரள்களும் நமது சம்பாச் சாகுபடியும்

காவேரிப் பாசனத்தின் கடைமடையிலுள்ள திருவாரூர் ஜில்லா விவசாயிகளுக்கு வருஷத்தில் இருவகைக் கவலைகள் உண்டு. மேட்டூர்த் தண்ணீர் காலத்தில் வந்து சேருமா என்பது ஆனி, ஆடி மாதங்களின் கவலை. பெய்த மழை வடியுமா, அறுவடைக்கு முன் வானம் வெளுக்குமா என்பது ஐப்பசி முதல் தை வரையுள்ள மாதங்களின் கவலை. முதற் கவலை மனிதர் கட்டிய அணையைப் பொறுத்தது. இரண்டாவது கவலையோ காற்றைப் பொறுத்தது. இக்கட்டுரை இரண்டாவதைப் பற்றியது.

வங்காள விரிகுடாவில் காற்றழுத்தத் தாழ்வு தோன்றியிருக்கிறது என்ற செய்தி கிடைத்த மாத்திரத்தில் நம்மவர் யாவரும் ஒரே விதமாக அஞ்சுகின்றனர். ஆனால் விளைவு ஒரே விதமாக இருப்பதில்லை. ஒரு வருஷம் கடும்புயல் என்று சொல்லப்பட்டது நமது கரைக்கு வருவதற்குள் வலுவிழந்து, பயிருக்குப் பெருஞ்சேதம் விளைக்காது போய்விடுகிறது. மற்றொரு வருஷம் புயல் என்ற பெயரைக்கூட இழந்துவிட்ட ஒரு தாழ்வு மண்டலம் இரண்டே நாளில் வயல்களை ஏரியாக்கி விடுகிறது. இவ்வேறுபாட்டுக்குக் காரணங்கள் சில உண்டு. அவற்றுள் முக்கியமானது, அப்புயலுக்குள் எந்தத் திசையிலிருந்து, எத்தகைய காற்று போய்ச் சேருகிறது என்பதே. இதை அறிந்துகொண்டால் உரமிடுதல், நீர் வடித்தல், அறுவடை ஆகிய மூன்று வேலைகளையும் காலமறிந்து செய்யலாம்.

காற்றுத் திரள் என்பது யாது?

காற்று எங்கும் ஒன்றே என்று தோன்றினாலும் உண்மை அவ்வாறன்று. ஒரு பரந்த பிரதேசத்தின்மேல் பல நாட்கள் தங்கிய காற்று, அப்பிரதேசத்தின் குணத்தையே பெற்றுவிடுகிறது. வெதுவெதுப்பான சமுத்திரத்தின்மேல் தங்கிய காற்று உஷ்ணமும் ஈரமும் பெறுகிறது. குளிர்ந்த நிலப்பரப்பின்மேல் தங்கிய காற்று குளிர்ச்சியும் வறட்சியும் பெறுகிறது. இங்ஙனம் ஒரே குணமுடையதாய், நூற்றுக்கணக்கான மைல் அகலம் பரவி நிற்கும் காற்றையே வானிலை சாஸ்திரிகள் காற்றுத் திரள் என்கின்றனர்.

நம் முன்னோர் இவ்வேறுபாட்டை நன்கு உணர்ந்திருந்தனர் என்பதற்குத் தமிழ்மொழியே சாட்சி. வடக்கிலிருந்து வருவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். தெற்கிலிருந்து வருவது தென்றல். மேற்கிலிருந்து வருவது கோடை. கொண்டல் என்னும் சொல்லுக்கு மேகம் என்ற பொருளும் உண்டு. கீழ்க்காற்று மழை மேகத்தைக் கொண்டு வருவதே அதற்குக் காரணம். நாற்றிசைக் காற்றுக்கும் வேறு வேறு பெயரிட்டவர்கள், நான்கின் குணமும் வேறு என்பதைக் கண்டறிந்தே பெயரிட்டனர்.

உஷ்ணக் காற்றுக்கும் குளிர்காற்றுக்கும் நீராவியைத் தாங்கும் சக்தியில் பெரிய வேற்றுமை உண்டு. 30 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணமுள்ள ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரியில் அதே அளவு காற்று 17 கிராம் மட்டுமே தாங்கும். 10 டிகிரியில் 9 கிராமுக்குச் சிறிது மேல். ஆகவே ஈரமான உஷ்ணக் காற்று எந்தக் காரணத்தாலேனும் மேலே தூக்கப்பட்டுக் குளிர்ச்சி அடையுமானால், தாங்க முடியாத நீரை மேகமாகவும் மழையாகவும் கைவிட்டே தீரவேண்டும். எல்லா மழைக்கும் அடிப்படை இதுவே. காற்றைத் தூக்குவது எது என்பதில்தான் தேசத்துக்குத் தேசம் வேறுபாடு.

வடதேசங்களின் புயல்

ஐரோப்பா, வட அமெரிக்கா முதலிய சமசீதோஷ்ண தேசங்களில், அதாவது சுமார் 30 முதல் 60 பாகை வரையுள்ள மத்திய அட்சரேகைகளில், இத்தொழிலைச் செய்வது இரண்டு காற்றுத் திரள்களின் மோதலாகும். துருவப் பக்கத்துக் குளிர்ந்த காற்றும், தென்பக்கத்துச் சமுத்திரங்களின் உஷ்ணக் காற்றும் அங்கே நேருக்கு நேர் சந்திக்கின்றன. குளிர்காற்று கனமானது, உஷ்ணக் காற்று இலேசானது. நமது ஆற்று முகத்துவாரங்களில் கனமான உப்புநீர் அடியிலும், இலேசான ஆற்றுநீர் மேலுமாக நிற்பதைக் கண்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். இரு காற்றும் உடனே கலந்துவிடுவதில்லை. ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றது.

நார்வே தேசத்தின் பெர்கன் நகரில் வில்ஹெல்ம் பியெர்க்னஸ் என்பவரும், அவருடைய குமாரர் யாக்கோப் பியெர்க்னஸ் என்பவரும், அவர்களுடன் உழைத்த ஸோல்பெர்க், பெர்ஷரோன் ஆகியோரும் முதல் உலக யுத்தத்தின் இறுதியிலும் அதை அடுத்தும் இவ்வுண்மையை ஆராய்ந்து விளக்கினர். யாக்கோப் பியெர்க்னஸின் கட்டுரை 1919-ஆம் வருஷத்தில் வெளியாயிற்று. இரு காற்றுத் திரள்கள் சந்திக்கும் எல்லைக்கு, அக்காலத்துப் போர்முனையை நினைவூட்டும் விதமாக, முகப்பு என்ற பெயர் ஏற்பட்டது.

உஷ்ணக் காற்று முன்னேறிக் குளிர்காற்றின்மேல் மெல்லச் சரிந்து ஏறுமிடம் உஷ்ண முகப்பு. அங்கே மேகம் பல நூறு மைலுக்கு விரிந்து, மழை விடாமல் தூறலாகப் பெய்யும். குளிர்காற்று முன்னேறி உஷ்ணக் காற்றின் அடியில் புகுந்து, ஏர்க்கொழு மண்ணைப் பெயர்த்துத் தூக்குவது போல அதைத் தூக்குமிடம் குளிர் முகப்பு. அங்கே மழை குறுகிய நேரத்தில் இடியுடன் வேகமாகப் பெய்து நிற்கும். உடனே காற்றின் திசை மாறி, வானம் தெளிந்து, குளிர் உறைக்கும். குளிர் முகப்பு வேகமாகச் சென்று உஷ்ண முகப்பை எட்டிப் பிடித்தபின் அப்புயல் படிப்படியாக ஓய்ந்துவிடும்.

ஆகவே வடதேசத்துப் புயலுக்கு உயிர் கொடுப்பது இரண்டு காற்றுகளின் வேற்றுமை. வேற்றுமை எவ்வளவு பெரிதோ, புயலும் அவ்வளவு பெரிது. இவ்வொன்றை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனெனில் நமது புயலின் குணம் இதற்கு நேர் விரோதமானது.

நமது கடலின் புயல்

திருவாரூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே 11 பாகைக்கும் உட்பட்ட இடத்தில் இருக்கிறது. இங்கே முகப்புகள் இல்லை. நமது புயலுக்கு உயிர் கொடுப்பது வெதுவெதுப்பான கடல்நீரே. கடலின் மேற்பரப்பு சுமார் 26 அல்லது 27 டிகிரிக்குக் குறையாத உஷ்ணத்துடன் இருந்தால், அதிலிருந்து எழும் நீராவி மேலே சென்று மழையாகும்போது தன்னுள் அடக்கி வைத்திருந்த உஷ்ணத்தை வெளியிடுகிறது. அவ்வுஷ்ணம் நடுப்பகுதிக் காற்றை மேலும் இலேசாக்கி மேலே எழுப்புகிறது. அவ்விடத்தை நிரப்பச் சுற்றிலுமுள்ள ஈரக்காற்று சுழன்று வந்து புகுகிறது. அடுப்பில் தீ எரிய எரியக் காற்றை இழுப்பது போன்றது இது. ஈரக்காற்றே அவ்வடுப்பின் விறகு.

எரியும் அடுப்பில் ஈர விறகை வைத்தால் தீ தணிகிறது. நமது புயலில் இது தலைகீழ். அதற்குள் உலர்ந்த காற்று புகுந்தால்தான் அது தணிகிறது. உலர்ந்த காற்று மேகத்தின் நீர்த்துளிகளை மீண்டும் ஆவியாக்குகிறது. ஆவியாகும்போது குளிர்ச்சி உண்டாகிறது. குளிர்ந்த காற்று கீழே இறங்குகிறது. புயலின் நடுப்பகுதி எழும்பும் சக்தியை இழக்கிறது. எனவே வடதேசத்துப் புயலை வளர்க்கும் அதே குளிர்ந்த வறண்ட காற்று, நமது கடற்புயலைக் கொல்கிறது.

வறண்ட காற்று நம்மிடம் வரும் வழி

அந்த வறண்ட காற்று எங்கிருந்து வருகிறது? மத்தியதரைக் கடல் பிரதேசத்தில் தோன்றும் சமசீதோஷ்ணப் புயல்கள் சில, குளிர்காலத்தில் கிழக்கு நோக்கி ஈரான், ஆப்கானிஸ்தானம் வழியாக இந்தியாவின் வடமேற்கை அடைகின்றன. அவற்றை மேற்கத்திய இடையூறுகள் என்பர். பஞ்சாபின் கோதுமைக்கு மழையும், காஷ்மீரத்தின் மலைகளுக்குப் பனியும் தருவன அவையே. அவை கடந்து சென்றபின் அவற்றின் பின்னாலிருந்து குளிர்ந்த வறண்ட வடமேற்குக் காற்று கங்கைச் சமவெளியில் பாய்கிறது. அதில் ஒரு பகுதி மத்திய இந்தியாவின் நிலப்பரப்பு வழியாகத் தெற்கே இறங்கி, ஆந்திரக் கரையோரம் வங்கக் கடலை அடைவதுண்டு.

இங்கே ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. வடக்கிலிருந்து வரும் காற்றெல்லாம் வறண்டதன்று. அது வந்த பாதையே அதன் குணத்தை நிர்ணயிக்கிறது. ஆசியாவின் நிலப்பரப்பில் புறப்பட்ட காற்று வங்கக் கடலின்மேல் பல நூறு மைல் கடந்து வடகிழக்காக நம்மிடம் வந்தால், வழியில் கடல்நீரைப் பருகி ஈரக்காற்றாக மாறிவிடுகிறது. வடகிழக்குப் பருவமழை எனப்படுவது அதுவே. தமிழ்நாட்டுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை சராசரியாக 44 சென்டிமீட்டர் அளவு மழை, அதாவது வருஷ மழையில் ஏறக்குறையப் பாதி, இவ்வழியே கிடைக்கிறது. அதே காற்று நிலத்தின் வழியாகவே நேராக இறங்கி வந்தால் மழை இல்லை. தெளிந்த வானமும் மார்கழிப் பனியும்தான்.

2013-ஆம் வருஷத்துப் படிப்பினை

இதற்குச் சிறந்த உதாரணம் நமது கரையிலேயே நிகழ்ந்துள்ளது. 2013-ஆம் வருஷம் டிசம்பர் 6-இல் தென்மேற்கு வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உண்டாயிற்று. அது இரண்டு நாட்களில் வலுப்பெற்று மிகக் கடுமையான புயல் என்னும் நிலையை அடைந்தது. அதாவது மணிக்கு 118 கிலோமீட்டருக்கு மேற்பட்ட காற்று. மாதி என்று பெயரிடப்பட்ட அப்புயல் முதலில் வடக்கு நோக்கி மெல்ல நகர்ந்தது. அங்கே குளிர்ந்த வறண்ட காற்று அதனுள் புகுந்தது. கடலின் உஷ்ணமும் குறைந்தது. மேல்காற்றும் கீழ்க்காற்றும் வேறு வேறு வேகத்தில் வீசி அதன் உச்சியை அடியிலிருந்து பிரித்தன. வலுவிழந்த புயல் பின்பு தென்மேற்கே திரும்பி, டிசம்பர் 12 மாலை வேதாரண்யத்தருகே கரை கடந்தபோது வெறும் தாழ்வு மண்டலமாகவே இருந்தது. தாழ்வு மண்டலத்தின் காற்று மணிக்கு 50 கிலோமீட்டருக்கு உட்பட்டதே.

அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன் லெஹர் என்னும் புயலும் அவ்வாறே மிகக் கடுமையான நிலையை அடைந்து, பின் வலுவிழந்து, நவம்பர் 28-இல் மசூலிப்பட்டினத்தருகே தாழ்வு மண்டலமாகக் கரை கடந்தது. ஒரே பருவத்தில் இரண்டு பெரும்புயல்கள் கரைக்கு வருமுன் தணிந்ததில், வடக்கத்திய வறண்ட காற்றுக்கும் பங்கு உண்டு. புயலின் பெயரையும் நேற்றைய வேகத்தையும் மட்டும் கேட்டு, பச்சைக் கதிரை அவசரமாக அறுத்துவிடுபவர்களுக்கு இது ஒரு படிப்பினை. ஒவ்வொரு நாளும் வெளியாகும் புதிய அறிக்கையைக் கேட்டே முடிவு செய்தல் வேண்டும்.

கொண்டல் விடாது வீசிய காலங்கள்

இனி இதற்கு மாறான உதாரணங்கள். 2020-ஆம் வருஷம் டிசம்பர் 2-ஆம் தேதி இரவு புரெவி என்னும் புயல் இலங்கையின் திருகோணமலைக் கரையைக் கடந்தது. பின்பு மன்னார் வளைகுடாவில், ராமநாதபுரம் கரையருகே, வலுவிழந்த நிலையில் நகராது நின்றுவிட்டது. காற்றின் வேகத்தால் பெருஞ்சேதம் இல்லை. ஆனால் அது தெற்கே நின்றபடியால், கடலின் ஈரக்காற்று கிழக்கிலிருந்து டெல்டாவின்மேல் இடைவிடாது பாய்ந்துகொண்டிருந்தது. டிசம்பர் 4 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் கொள்ளிடத்தில் 36 சென்டிமீட்டரும், சிதம்பரத்தில் 34 சென்டிமீட்டரும் மழை பதிவாயிற்று. புயல் நின்ற இடம் ஓரிடம். வெள்ளம் உண்டான இடம் அதற்கு வெகு வடக்கே.

2008-ஆம் வருஷம் நவம்பர் 27-இல் காரைக்காலுக்கு வடக்கே கரை கடந்த நிஷா புயலும் காற்றால் பெரியதன்று. ஆயினும் அது மெதுவாக நகர்ந்தபடியால் தஞ்சாவூர் ஜில்லா ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 66 சென்டிமீட்டர், ஏறக்குறைய 26 அங்குலம், மழை கொட்டியது. ஒரு ஏக்கரில் 1 சென்டிமீட்டர் மழை என்பது சுமார் 40,000 லிட்டர் தண்ணீர். இக்கணக்கின்படி அந்நாளில் ஒவ்வொரு ஏக்கரிலும் விழுந்த தண்ணீர் 26 லட்சம் லிட்டருக்கு மேல். எந்த வடிகால் வாய்க்காலும் இதை ஒரு நாளில் கொண்டுபோக இயலாது.

2018-ஆம் வருஷம் நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கடந்த கஜா புயலோ வேறு விதம். அது மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட காற்றுடன் விரைந்து கடந்து சென்றது. முத்துப்பேட்டை, மன்னார்குடி, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கங்களில் தென்னந்தோப்புகள் விழுந்தது காற்றினால். ஆகவே காற்றின் சேதம் வேறு, மழையின் சேதம் வேறு. முன்னது புயலின் வலுவைப் பொறுத்தது. பின்னது ஈரக்காற்று எத்தனை நாள் நம்மேல் பாய்கிறது என்பதைப் பொறுத்தது.

கர்ணனுக்குப் பின் கொடை இல்லை, கார்த்திகைக்குப் பின் மழை இல்லை என்பது பழமொழி. பெரும்பாலான வருஷங்களில் அது மெய்யே. மார்கழியில் வறண்ட வாடை நிலைத்துவிடுகிறது. ஆனால் அது நிலைக்காத வருஷமும் உண்டு. 2021 ஜனவரியில் பொங்கலையொட்டிக் கொண்டல் மீண்டும் வலுத்து, முற்றிய சம்பாக் கதிர்கள் மழையில் சாய்ந்து வயலிலேயே முளைவிட்டன. 2023 பிப்ரவரி முதல் வாரத்திலும் ஒரு தாழ்வு மண்டலம் இலங்கைக் கரையைக் கடந்தபோது, அறுவடைக்கு நின்ற சம்பாவும் தாளடியும் டெல்டா ஜில்லாக்களில் நனைந்து கெட்டன. வருஷம் முழுதும் செய்த செலவு களத்துக்கு வருமுன் போயிற்று. பழமொழியை நம்பி வடிகாலைத் தூர்வாராது விட்டவர்களுக்குச் சேதம் இருமடங்கு.

வயலிலிருந்தே அறியும் விதம்

வானிலை இலாகாவின் அறிக்கையே பிரதானம். அதனுடன் நமது கண்ணால் காணும் அறிகுறிகளையும் சேர்த்துக்கொண்டால் அறிக்கை நன்கு விளங்கும்.

முதலாவது, காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் தாழ்வின் நடுவிடம் ஏறத்தாழ இடக்கைப் பக்கத்தில் இருக்கும். பூமத்திய ரேகைக்கு வடக்கேயுள்ள எல்லாத் தேசங்களுக்கும் இவ்விதி பொருந்தும். திறந்த வயலில் நின்று பார்த்தல் வேண்டும். வீடுகளுக்கும் தோப்புகளுக்கும் இடையே காற்று திசைமாறி வீசும்.

இரண்டாவது, காற்று திரும்பும் விதத்தைக் கவனிக்க வேண்டும். வடகிழக்கிலிருந்து வீசிய காற்று வடக்காகவும், பின் வடமேற்காகவும் திரும்பினால் தாழ்வு நமக்கு வடக்கே, கடலூர், சென்னைப் பக்கமாகக் கடக்கிறது என்று பொருள். அப்போது நம்மேல் வருவது நிலத்தின் காற்று. பெரும்பாலும் மழை குறையும். அவ்வாறன்றி வடகிழக்கிலிருந்து கிழக்காகவும், பின் தென்கிழக்காகவும் திரும்பினால் தாழ்வு நமக்குத் தெற்கே கடக்கிறது. அப்போது வருவது கடற்காற்று; மழை நீடிக்கும் என்று எதிர்பார்த்து உடனே வடிகாலைக் கவனிக்க வேண்டும். நிஷாவைப் போல் மிக அருகே கடந்து மெதுவாக நகரும் தாழ்வு இவ்விதிக்கு விலக்காகும்.

மூன்றாவது, கடும்புயலின்போது காற்று திடீரென்று ஓய்ந்தால் புயல் முடிந்தது என்று எண்ணி வெளியே வருதல் கூடாது. புயலின் நடுவிடம் நம்மேல் இருக்கக்கூடும். அது கடந்ததும் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்துடன் காற்று வீசும்.

நான்காவது, ஈரக்காற்று வந்ததை வீட்டிலேயே அறியலாம். உப்பு கசியும், வைக்கோல் நமத்துப்போகும், உலர்த்திய துணி காயாது. வறண்ட காற்று வந்தால் வைக்கோல் மொறமொறக்கும்; உதடு வெடிக்கும்; இரவில் நட்சத்திரங்கள் தெளிவாகத் தெரியும்; விடியற்காலையில் பனி இறங்கும்.

விவசாயிகள் செய்யத்தக்கவை

கொண்டல் வலுக்கும் என்று தெரிந்தால் மேலுரமிடுவதை ஒத்திப்போட வேண்டும். மழைக்கு முன்னிட்ட யூரியா வடிகாலோடு போகும். பணமும் அதனுடன் போகும். வாய்க்கால்களில் மண்டியுள்ள ஆகாயத் தாமரையையும் காட்டாமணக்கையும் ஐப்பசிக்கு முன்பே அகற்றுதல் வேண்டும். கீழ்க்காற்று பலமாக வீசும்போது கடல்நீர் கரையை நோக்கித் தள்ளப்படுவதால் முகத்துவாரங்களில் ஆற்றுநீர் எளிதில் இறங்குவதில்லை. வெண்ணாற்றின் கிளைகளில் உள்ள கடைமடைக் கிராமங்கள் இதை அனுபவத்தில் அறியும். ஆகவே மழை தொடங்குமுன் வயலில் நிற்கும் நீரைக் குறைத்துவைப்பது, தொடங்கியபின் வடிக்க முயல்வதைக் காட்டிலும் பயன் தரும்.

ஆண்டுதோறும் மூழ்கும் பள்ளக்கால் நிலங்களுக்குச் சி.ஆர். 1009 சப் 1 போன்ற, மூழ்கினும் தாங்கும் இரகங்கள் ஏற்றவை. தூர்கட்டும் பருவத்தில் இரண்டு வாரம் வரை நீரில் மூழ்கியிருந்தாலும் இவை மீண்டும் தளிர்க்கும். கதிர் வந்தபின் மூழ்கினால் இவையும் தப்பா என்பதை மறக்கலாகாது. நீர் வடிந்தபின் வெளுத்து நிற்கும் பயிருக்கு ஏக்கருக்கு 1 கிலோ சிங்க் சல்பேட்டும் 2 கிலோ யூரியாவும் 200 லிட்டர் நீரில் கரைத்துத் தெளித்தால் பச்சை திரும்பும். வேர் மூச்சு விடுமளவு மண் காய்ந்த பின்னரே மேலுரம் இடத்தக்கது.

வறண்ட வாடை வந்துவிட்டால் ஆபத்து நீங்கியது என்று எண்ணவும் கூடாது. குளிர்ந்த இரவும், காலை வெகுநேரம் வரை இலையில் நிற்கும் பனியும் குலை நோய்க்கு மிகவும் உகந்தவை. தழைச்சத்தை அளவுக்கு மேல் இட்ட வயலில் அது முதலில் தோன்றும். கதிர் வெளிவரும் தருணத்தில் கழுத்தில் கண்டால் மகசூல் பதராகும். மார்கழியில் நாள்தோறும் வயலைச் சுற்றிப் பார்த்து, இலையில் கண் வடிவப் புள்ளிகள் தென்பட்டவுடன் வேளாண்மை விரிவாக்க மையத்தில் தெரிவித்து மருந்து பெறுதல் நலம். மேகமூட்டமும் புழுக்கமும் நீடித்தாலோ, தூரின் அடியில் புகையான் பூச்சியைத் தேட வேண்டும்.

அறுவடைக்கு உகந்த காலம், ஒரு தாழ்வு கடந்து சென்று, காற்று வடமேற்குக்கோ வடக்குக்கோ திரும்பி, வானம் தெளிந்த மறுநாள் முதல் தொடங்குகிறது. அடுத்த கொண்டல் வருமுன் கிடைக்கும் அச்சில நாட்களே விலைமதிப்பற்றவை. அறுவடைக்குப் பத்துப் பதினைந்து நாள் முன்னரே வயலை வடித்து வைத்தவர்களுக்கு மட்டுமே இயந்திரம் இறங்கும். காலைப் பனி உலர்ந்தபின் அறுப்பைத் தொடங்குக. நேரடி கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்கு அனுமதிக்கப்படும் ஈரப்பதம் பொதுவாக 17 சதவீதம். ஈரக்காற்று நாளில் எத்தனை முறை கிளறினாலும் நெல் அவ்வளவுக்கு உலராது. வறண்ட வாடையில் விரைவில் உலரும். தளர்வு அறிவிப்பை எதிர்பார்த்துக் குவியலின் அருகே காத்திருப்பதைவிட, உலர்த்தும் நாளை அறிந்து அறுப்பது மேல்.

கிராம அதிகாரிகள் கவனத்துக்கு

வானிலை எச்சரிக்கையில் மஞ்சள் என்றால் கவனித்திருக்க, ஆரஞ்சு என்றால் ஆயத்தமாக, சிவப்பு என்றால் செயலில் இறங்க என்று பொருள். நாகப்பட்டினம் துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் கூண்டின் எண் மாலுமிகளுக்கானது. அதைக்கொண்டு வயலின் மழையை அளவிடலாகாது. எச்சரிக்கை வந்ததும் எந்தத் திசையிலிருந்து காற்று எதிர்பார்க்கப்படுகிறது என்பதையும் சேர்த்துக் கிராமத்தில் அறிவித்தால், விவசாயிகள் தாமே முடிவு செய்ய ஏதுவாகும்.

அடங்கலில் பயிரும் பரப்பும் சரியாகப் பதிவாகியிருந்தாலன்றி இழப்பீடு கிட்டாது. ஆகையால் காப்பீட்டுக்கு அவ்வருஷம் அறிவிக்கப்பட்ட கடைசி நாளுக்கு வெகு முன்பே அடங்கல் நகல்களை வழங்குதல் வேண்டும். பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், அறுத்து வயலில் பரப்பி உலரவிட்ட பயிருக்கும், அறுப்பிலிருந்து 14 நாட்கள் வரை, புயல் மழையாலும் பருவம் தவறிய மழையாலும் நேரும் சேதத்துக்குப் பாதுகாப்பு உண்டு. ஆனால் சேதம் நேர்ந்த 72 மணி நேரத்துக்குள் தெரிவித்தாக வேண்டும். இவ்விதியை அறியாமல் ஒரு வாரம் கழித்து மனுவுடன் வருவோர் ஒவ்வொரு வருஷமும் உளர். தண்டோராவின் இடத்தை இன்று கைபேசி பிடித்துள்ளது. அதன் மூலமேனும் இச்செய்தி கடைசி வீடு வரை சேரவேண்டும். பேரிடர் நிவாரணத்துக்குச் சேதம் 33 சதவீதமோ அதற்கு மேலோ இருக்கவேண்டுமாதலால், வயலைப் பார்வையிடும்போது தண்ணீர் நின்ற நாட்களையும் பயிரின் பருவத்தையும் அன்றே குறித்து வைத்தல் நலம். தண்ணீர் வடிந்தபின் எழுதும் குறிப்பு மறதிக்கும் வழக்குக்கும் இடமாகும்.

முடிவாக, புயலை நிறுத்தவோ மழையைத் தள்ளிவைக்கவோ யாராலும் ஆகாது. ஆனால் காலையில் களத்துமேட்டில் ஏறி நின்று, காற்று எத்திசையிலிருந்து வருகிறது, நேற்று எத்திசையிலிருந்து வந்தது என்று பார்க்க ஒரு நிமிஷம் போதும். அதை ஒரு நாட்காட்டியின் ஓரத்தில் நாள்தோறும் குறித்து, அன்றைய மழையையும் அருகே எழுதி வாருங்கள். இரண்டு பருவம் அவ்வாறு எழுதியவருக்கு, வானிலை அறிக்கையின் ஒவ்வொரு சொல்லும் தமது வயலைப் பற்றிய பேச்சாகவே விளங்கும். கொண்டல் வருமுன் வடித்தவனும், வாடை வந்தவுடன் அறுத்தவனும் நஷ்டத்தில் பாதியைத் தவிர்த்தவர்கள். மற்றப் பாதிக்குத்தான் காப்பீடும் சர்க்காரும்.